மாணவர் குடியிருப்பும் கடைத்தெரு நெரிசலும்: வணிகர்கள் எதைக் கேட்க வேண்டும்?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 3

எங்கள் கடைத்தெருவை ஒட்டிய பெரிய மனையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கக்கூடிய அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட விண்ணப்பம் போடப்பட்டிருக்கிறது. வணிகர் சங்கம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. இப்போதே மாலை நேரத்தில் தெரு நகர்வதில்லை. இன்னும் ஆயிரம் பேர் வந்தால் வழக்கமான வாடிக்கையாளர்கள் வேறு பக்கம் போய்விடுவார்கள் என்பது எங்கள் வாதம். கட்டுநர் தாக்கல் செய்த போக்குவரத்து அறிக்கையோ, தாக்கம் மிகக் குறைவு என்கிறது. எது உண்மை? கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எதைப் பேசினால் காதில் விழும்?

பிப்ரவரி 3, இரவு

இரண்டும் உண்மையாக இருக்க முடியும். இத்தகைய அறிக்கைகளை எழுதும் பக்கத்தில் பல ஆண்டுகளும், பின்னர் அவற்றைச் சரிபார்க்கும் பக்கத்தில் பல ஆண்டுகளும் வேலை செய்திருக்கிறேன் என்பதால், அறிக்கைக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அறிக்கை தயாரிப்பவர், காலை, மாலை உச்ச நேரங்களில் சுற்றுவட்டச் சந்திப்புகளில் வாகனங்களை எண்ணுகிறார். புதிய கட்டடத்திலிருந்து அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை வாகனங்கள் வெளியே போகும், எத்தனை உள்ளே வரும் என்பதை, ஏற்கெனவே வேறு கட்டடங்களில் அளந்து தொகுத்த அட்டவணைகளிலிருந்து எடுத்து அதனோடு கூட்டுகிறார். பிறகு ஒரு வாகனம் சிக்னலில் சராசரியாக எத்தனை விநாடி காத்திருக்க நேரும் என்று கணக்கிட்டு, ஏ முதல் எஃப் வரை ஒரு தரம் போடுகிறார். அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டின் 1965ஆம் ஆண்டுப் பதிப்பு கொண்டுவந்த தர வரிசை இது. கல்வி நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வாழும் மாணவர் காலை உச்ச நேரத்தில் கார் எடுப்பது குறைவு. வகுப்புகளும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை. ஆகவே கூடுதல் விநாடிகள் சிறிய எண்ணாகவே வரும். பெரும்பாலான அறிக்கைகளில் அந்த எண் நேர்மையாகவே கணக்கிடப்பட்டிருக்கும்.

ஆனால் கடைக்காரரின் வலி அந்த விநாடிகளில் இல்லை. கடை வாசலில் ஒருவர் வண்டியை நிறுத்த முடிகிறதா, சரக்கு வண்டி நின்று இறக்க முடிகிறதா, அதற்குள் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுகிறாரா என்பவைதான் அவருடைய அளவுகோல்கள். சந்திப்பின் நடுவை அளக்கும் அறிக்கையில் சாலையின் ஓரம் இடம்பெறுவதே இல்லை. நீங்கள் ஓரத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் நடுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதே தீர்மானத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

பிப்ரவரி 4, காலை

நேற்று அறிக்கைகள் பெரும்பாலும் நேர்மையானவை என்று எழுதினேன். அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டுவிடக் கூடாது. மூன்று இடங்களைத் திறந்து பாருங்கள்.

முதலாவது, அட்டவணையில் எந்த வகைக் கட்டடத்தின் விகிதம் எடுக்கப்பட்டிருக்கிறது என்பது. சாதாரணக் குடும்ப அடுக்ககங்களுக்கு ஒரு வீட்டுக்கு இத்தனை வாகனப் பயணம் என்று விகிதம் இருக்கும். மாணவர் குடியிருப்பில் ஒரு வீட்டில் நான்கு படுக்கையறை இருந்தால், நான்கு தனித்தனிப் பெரியவர்கள், நான்கு தனித்தனி நடமாட்டங்கள். வீட்டை அலகாகக் கொண்டால் எண்ணிக்கை குறைந்து காட்டும். படுக்கையை அலகாகக் கொள்வதே முறை. அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்களின் பயண உருவாக்கக் கையேடு, வளாகத்துக்கு வெளியே உள்ள மாணவர் அடுக்ககங்களுக்கு 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் தனி வகையே ஒதுக்கியிருப்பது இந்த வேறுபாட்டுக்காகத்தான்.

இரண்டாவது, எண்ணிய தேதி. கல்லூரி விடுமுறையில் எடுத்த எண்ணிக்கையை அடிப்படையாக வைத்த ஓர் அறிக்கை ஒருமுறை என் மேசைக்கு வந்தது. எல்லாக் கணக்கும் சரியாக இருந்தது. தேதி மட்டும்தான் உறுத்தியது. திருப்பி அனுப்பி, பாடநாட்களில் மறுபடி எண்ணச் சொன்னோம். ஒரு சந்திப்பின் தரம் இரண்டு படி இறங்கியது. ஆகவே தேதியும் கிழமையும் பின்னிணைப்பில் எங்கே இருக்கின்றன என்று முதலில் தேடுங்கள்.

மூன்றாவது, இப்போதைய நெரிசலின் அளவு. அமெரிக்கப் பொதுச் சாலைகள் துறை 1964இல் வகுத்த சூத்திரத்தில், ஓடும் வாகனங்களுக்கும் சாலையின் கொள்ளளவுக்கும் உள்ள விகிதத்தின் 4ஆம் அடுக்குக்கு ஏற்ப தாமதம் கூடுகிறது. சூத்திரம் எதுவானாலும் உள்ளே இருக்கும் நடத்தை இதுதான்: பாதி காலியாக உள்ள சாலையில் கூடுதலாக வரும் வாகனங்கள் யாருக்கும் தெரியாமல் கரைந்துவிடும், கொள்ளளவை நெருங்கிவிட்ட சாலையில் அதே வாகனங்கள் வரிசையை அடுத்த தெரு வரை தள்ளிவிடும். உங்கள் தெரு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிக்கை சொல்கிறதா, அல்லது கூடுதல் சதவீதத்தை மட்டும் சொல்லிக் கடந்துபோகிறதா என்று பாருங்கள்.

பிப்ரவரி 4, பிற்பகல்

ஆயிரம் மாணவர் என்றால் ஆயிரம் வண்டி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த மாணவர்கள் இப்போதும் எங்கோ வாழ்கிறார்கள். தொலைவில் வாடகைக்கு இருந்து வந்துபோகிறவர்களில் ஒரு பகுதியினர் இன்றைக்கே உங்கள் தெரு வழியாகத்தான் வண்டியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். குடியிருப்பு அருகில் வந்தால் அந்தப் பயணங்களில் ஒரு பங்கு நடையாக மாறும். எவ்வளவு என்று வெறும் ஊகத்தில் சொல்ல மாட்டேன். ஆனால் அறிக்கையிலும் சரி, உங்கள் தீர்மானத்திலும் சரி, இந்தக் கழித்தல் கணக்கைக் காணவில்லை.

பிப்ரவரி 6

வாடிக்கையாளர்கள் காரில் வருகிறார்கள் என்ற அடிப்படையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1991இல் கடைக்காரர்களிடம் கேட்டபோது, தங்கள் வாடிக்கையாளர்களில் 58 சதவீதம் பேர் காரில் வருவதாகச் சொன்னார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது அது 32 சதவீதமாக இருந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2006இல் நடந்த ஆய்வில் கடைக்காரர்களின் கணிப்பு 41, உண்மை 22. பெர்லினின் இரண்டு கடைத்தெருக்களைப் பற்றி 2021இல் வெளியான ஆய்வில் கணிப்பு ஏறத்தாழ 22, உண்மை ஏறத்தாழ 7. முப்பது ஆண்டு இடைவெளியிலும் பிழை ஒரே திசையில் போகிறது.

காரணம் கடைக்காரரின் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. நடந்து வந்தவர் நடந்து வந்ததைச் சொல்வதில்லை. காரில் வந்தவர் உள்ளே நுழைந்ததும் நிறுத்த இடம் கிடைக்காததைச் சொல்லிவிட்டுத்தான் சரக்கைக் கேட்கிறார். கடைக்காரரும் பெரும்பாலும் வண்டியில் வருபவர். அவர் காதில் நாள் முழுவதும் விழும் புகார் அவருடைய சொந்த அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. ஒரு கணக்கெடுப்பின்போது கல்லாவுக்கு அருகில் நின்று ஒவ்வொருவரிடமும் எப்படி வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன். முதல் நாள் மாலையில் தாளைப் பார்த்த உரிமையாளர், தன் கடைக்கு இத்தனை பேர் நடந்து வருகிறார்களா என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மேலே சொன்னவை ஐரோப்பிய நகரங்களின் எண்கள். அவற்றை எடுத்துவந்து உங்கள் தெருவில் ஒட்ட முடியாது. செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சங்கத்தில் உள்ள எல்லாக் கடைகளும் ஒரே வாரத்தில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எப்படி வந்தீர்கள், எங்கிருந்து வந்தீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறீர்கள். அந்தத் தாள் கூட்டத்தில் வைக்கப்பட்டால், கையெழுத்து வாங்கிய எதிர்ப்பு மனுவைவிட அதிகாரிகள் அதைக் கவனித்துப் படிப்பார்கள்.

பிப்ரவரி 7

மரச்சாமான் விற்கும் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: நடந்து வருகிறவர் கட்டிலைத் தலையில் சுமந்துகொண்டு போவாரா என்று. நியாயமான கேள்வி. நேற்றைய எண்கள் தெருவின் சராசரியைச் சொல்கின்றன. கனமான பொருள் விற்பவர், கட்டுமானப் பொருள் விற்பவர், முதியோர் வந்துபோகும் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அந்தச் சராசரி பொருந்தாது. இவர்களுக்கு வேண்டியது கடைக்கு எதிரில் ஓரிரு வண்டிகள் சிறிது நேரம் நிற்க உறுதியான இடம். முழுத் தெருவிலும் நிறுத்தம் இருந்தும் இந்த ஓரிரு இடங்கள் காலை முதல் மாலை வரை யாரோ ஒருவரின் வண்டியால் அடைபட்டிருந்தால் அவருக்குப் பயனில்லை.

இந்த இடத்தில்தான் மாணவர் குடியிருப்பு உண்மையிலேயே புதிய சுமையைக் கொண்டுவருகிறது. மாணவரிடம் சொந்த வண்டி இல்லாவிட்டாலும், அவருக்காக வரும் வண்டிகள் உண்டு. உணவு கொண்டுவரும் இருசக்கர வாகனங்கள், பொட்டலம் கொண்டுவரும் வேன்கள், வாடகைக் கார்கள், இறக்கிவிட வரும் நண்பர்கள், வார இறுதியில் வரும் பெற்றோர். இவை ஒவ்வொன்றும் சில நிமிடமே நிற்கும். ஆனால் ஒன்று போன இடத்தில் அடுத்தது வந்து நிற்கும், நிற்க இடமில்லாவிட்டால் ஓடும் பாதையிலேயே நிற்கும். ஒரு பாதை அடைபட்டால், அறிக்கை கணக்கிட்ட சந்திப்புக் கொள்ளளவுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. நான் பார்த்த பல குடியிருப்புகளில் மாலையும் முன்னிரவும்தான் இந்த வரத்து உச்சம். அது கடைத்தெருவின் வியாபார நேரமும்கூட. அலுவலகம் முடியும் நேரத்தை மட்டும் எண்ணிய அறிக்கை இதைத் தவறவிட்டுவிடும்.

இதற்கான மருந்து கட்டடத்தின் வரைபடத்தில் இருக்கிறது. பொருள் இறக்கவும் ஆளை ஏற்றி இறக்கவும் மனைக்குள்ளேயே ஒரு வளைவுப் பாதை, தரைத்தளத்தில் பொட்டலங்களை வாங்கி வைக்கும் அறை, இருசக்கர வாகனங்கள் நிற்க உள்ளே ஒரு முற்றம். முகப்பு வாசல் கடைத்தெருவைப் பார்த்து இருக்கிறதா, பக்கத்துச் சிறு தெருவைப் பார்த்து இருக்கிறதா என்பதே பாதிச் சிக்கலைத் தீர்மானித்துவிடும். வரைபடம் இறுதியாகும் முன் இதைக் கேட்டால் கட்டுநருக்குச் செலவு குறைவு. தூண்கள் எழும்பிய பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

பிப்ரவரி 7, இரவு

காலையில் எழுதியதில் விட்டுப்போன ஒன்று. நடப்பவர்களையும் எண்ணச் சொல்லுங்கள். வகுப்பு விடும் நேரத்தில் கூட்டமாகச் சாலையைக் கடப்பவர்கள், திரும்பும் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள். அதனால் சிக்னலில் பச்சை எரிந்தும் வரிசை நகராது. நடைபாதை குறுகலாக இருந்தால் கூட்டம் சாலையில் இறங்கும். அகலமான நடைபாதையும், நடப்பவர்களுக்கெனத் தனிப் பச்சை நேரமும் வேண்டும் என்று கேட்பது மாணவர்களுக்காக மட்டும் கேட்பது ஆகாது.

பிப்ரவரி 9

வாகன நிறுத்தம். நீங்கள் எழுதிய தீர்மானத்தில், ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு கார் நிறுத்துமிடம் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை இருக்கிறது. இதை நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். நிறுத்த இடம் உறுதியாக இருந்தால் ஊரிலிருந்து வண்டியைக் கொண்டுவரும் மாணவர் கூடுவார். அந்த வண்டிகள் அத்தனையும் உங்கள் தெரு வழியாகத்தான் உள்ளே போய் வெளியே வரும். நெரிசலைக் காரணம் காட்டி எதிர்ப்பவர்கள் நெரிசலை வளர்க்கும் நிபந்தனையைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

இதற்கு எதிர்முனையில், நிறுத்தமே இல்லாத குடியிருப்பு என்று கட்டுநர் பெருமையாகச் சொல்வதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. சாலையோரம் கட்டணமும் கால வரம்பும் இல்லாமல் கிடந்தால், வண்டி வைத்திருக்கும் மாணவர் அதைப் பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் எடுக்க மாட்டார். கட்டடத்தில் நிறுத்தம் குறைவதும் தெருவில் ஒழுங்கு வருவதும் ஒன்றாக நடக்க வேண்டும். ஒன்று மட்டும் நடந்தால் பாதிக்கப்படுவது கடைக்காரர்தான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலமாக ஒரு விதி உண்டு: நகர மையத்தில் உள்ள கிரேட் செயின்ட் மேரி தேவாலயத்திலிருந்து 10 மைல் சுற்றளவுக்குள் மாணவர் உரிமம் பெறாமல் கார் வைத்திருக்கக் கூடாது. இங்கிலாந்தின் பல நகரங்களில், மாணவர் குடியிருப்பின் வாடகை ஒப்பந்தத்திலேயே கார் கொண்டுவரக் கூடாது என்ற பிரிவு சேர்க்கப்படுகிறது. காகிதத்தில் இருப்பது தெருவில் நடக்கிறதா என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

மறைந்த டொனால்ட் ஷூப் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தது இந்த ஓரத்தைத்தான். 1927 முதல் 2001 வரை வெவ்வேறு நகரங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, நெரிசலான மையப் பகுதிகளில் ஓடிய வாகனங்களில் சராசரியாக 30 சதவீதம் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தவை என்று கண்டார். நெரிசல் மிகுந்த இடங்களையே ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்பதால் எல்லாத் தெருவுக்கும் இதைப் பொருத்தக் கூடாது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். ஓரத்து இடங்களில் ஏறத்தாழ 85 சதவீதம் நிரம்பி, ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு இடம் எப்போதும் காலியாக இருக்கும்படி கட்டணத்தை அமைக்க வேண்டும் என்பது அவர் வாதம். மரச்சாமான் கடைக்காரர் கேட்டது அந்த ஓரிரு இடத்தைத்தான்.

பிப்ரவரி 10

கட்டணம் வைத்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவின் பழைய பசடீனா கடைத்தெருவிலும் வணிகர்கள் இதையே சொல்லித்தான் எதிர்த்தார்கள். கடை ஊழியர்களின் வண்டிகளே ஓரத்தை அடைத்துக்கொண்டிருந்தன. வசூலாகும் பணம் முழுவதையும் அதே பகுதியின் நடைபாதை, விளக்கு, துப்புரவு ஆகியவற்றுக்கே செலவிடுவதாக நகர நிர்வாகம் உறுதியளித்த பிறகு அவர்கள் சம்மதித்தார்கள். 1993இல் மீட்டர்கள் வந்தன. பாழடைந்து கிடந்த அந்தப் பகுதி பிறகு அந்நகரத்தின் பெயர்பெற்ற கடைத்தெரு ஆனது. மீட்டர் மட்டுமே அதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன். எதிர்த்த வணிகர்கள் பணம் எங்கே போகும் என்பதைப் பேரம் பேசி எழுத்தில் வாங்கினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்களிடமும் இப்போது அந்தப் பேரத்துக்கான நேரம் இருக்கிறது; அனுமதி கிடைத்துவிட்டால் அது போய்விடும்.

பிப்ரவரி 12

பயணச் சீட்டைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். மேற்சொன்ன லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 2000ஆம் ஆண்டு முதல் மாணவர்களும் ஊழியர்களும் அடையாள அட்டையைக் காட்டி நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போகலாம் என்ற ஏற்பாடு தொடங்கியது. முதல் ஆண்டில் வளாகத்துக்குப் பேருந்தில் வருவது 56 சதவீதம் கூடியது, தனியாகக் கார் ஓட்டி வருவது 20 சதவீதம் குறைந்தது என்று அதை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். குடியிருப்பின் வாடகையோடு பேருந்துச் சீட்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை கேட்கலாம். பேருந்தே வராத தெருவில் சீட்டால் பயனில்லை என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

பிப்ரவரி 13

குடியேறும் நாட்கள். ஒரே வார இறுதியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பெட்டி, மெத்தை, மேசையுடன் வந்து இறங்கினால் எந்தத் தெருவும் தாங்காது. ஒவ்வொரு மாணவருக்கும் தனி நேரம் ஒதுக்கி, வருகையைப் பல நாட்களுக்குப் பரப்பி, வாசலில் வழிகாட்ட ஆள் வைப்பது நல்ல நிர்வாகங்கள் வழக்கமாகச் செய்வதுதான். அந்த நாட்கள் பண்டிகைக்கால விற்பனை நாட்களோடு மோதக் கூடாது என்று மட்டும் சேர்த்துக் கேளுங்கள். காலி செய்யும் நாட்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பிப்ரவரி 15

இத்தனை நாளாக இங்கே யாரும் தொடாத ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய கட்டடம் எழும்பும் காலத்தில் கடைத்தெரு படும் பாடு, அது குடியேறிய பிறகு படும் பாட்டைவிடப் பெரியதாக இருக்கக்கூடும். மண் அள்ளும் லாரிகள், கான்கிரீட் கலவை லாரிகள், கம்பி ஏற்றிவரும் நீண்ட வண்டிகள், பாரந்தூக்கி நிற்பதற்காக மூடப்படும் பாதை, குழாய் இணைக்கத் தோண்டிய பள்ளம், நடைபாதைக்குக் குறுக்கே போட்ட தகர வேலி. தகர வேலிக்குப் பின்னால் கடை திறந்திருப்பதே தெரியாமல் வாடிக்கையாளர்கள் திரும்பிப் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு பருவ வியாபாரம் போனால் சிறிய கடை மூடிவிடும். அதன் பிறகு ஆயிரம் மாணவர்கள் வந்து என்ன, அந்தக் கடைக்காரர் அங்கே இருக்க மாட்டார்.

இதைப் போக்குவரத்து அறிக்கை ஒரு பத்தியில் தற்காலிகத் தாக்கம் என்று சொல்லி முடித்துவிடும். வணிகர்கள் முழு மூச்சோடு போராட வேண்டிய பத்தி அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். லாரிகள் எந்த வழியாக வரும், எந்த நேரத்தில் வரக் கூடாது, தங்கள் முறை வரும் வரை எங்கே காத்திருக்கும், தொழிலாளர்களின் வண்டிகள் எங்கே நிற்கும், நடைபாதை அடைபட்டால் மாற்று நடைவழி எது, கடைகள் திறந்திருக்கின்றன என்ற அறிவிப்புப் பலகை யார் செலவில், குறை சொல்ல எந்த எண்ணில் யார் பேசுவார் என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். பாதை மூடப்படும் நாட்களை முன்கூட்டியே சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் இருக்கட்டும். நிபந்தனை கேட்பதில் கூச்சம் வேண்டாம். வேலை நடக்கும்போது வந்து கேட்டால் எதிரில் நிற்பவர் அதிகாரமில்லாத ஒரு மேற்பார்வையாளராகத்தான் இருப்பார்.

பிப்ரவரி 17

இத்தகைய எதிர்ப்புகள் ஏன் எப்போதும் போக்குவரத்தின் பெயரில் வருகின்றன என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். திட்ட அனுமதி முறைகளில் போக்குவரத்துக்கு என்று ஒரு கதவு இருக்கிறது. மற்றப் பயங்களுக்குப் பெரும்பாலும் கதவு இல்லை. அதனால் எல்லாப் பயமும் அந்தக் கதவு வழியாகவே நுழையப் பார்க்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மாணவர் விடுதித் திட்டம் ஒன்றில், மாணவர்கள் எழுப்பும் சத்தத்தையும் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராய வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது, 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

போக்குவரத்துக் கதவும் குறுகிக்கொண்டே வருகிறது. இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கை 2012இல், தணிப்பு ஏற்பாடுகளுக்குப் பிறகும் எஞ்சும், மற்றத் திட்டங்களோடு சேர்ந்த மொத்த விளைவு கடுமையாக இருந்தால் மட்டுமே போக்குவரத்துக் காரணத்துக்காக ஒரு திட்டத்தை மறுக்கலாம் என்றது. கடுமை என்ற அளவுகோல் பிந்தைய திருத்தங்களிலும் நீடித்தது. கலிஃபோர்னியாவில் 2013இல் இயற்றிய சட்டத்தின்படி, 2020 ஜூலை முதல் சுற்றுச்சூழல் ஆய்வில் சிக்னல் தாமதத்தைப் பாதிப்பாகக் கொள்வதில்லை; மொத்தம் எத்தனை மைல் வாகன ஓட்டம் கூடுகிறது என்பதையே பார்க்கிறார்கள். அந்த அளவுகோலில், வகுப்புக்கு நடந்து போகும் தூரத்தில் கட்டும் விடுதி நல்ல திட்டமாகவே தேறும்.

உங்கள் சங்கத்தில் சிலருக்கு உள்ள பயம் வாடகை உயர்வைப் பற்றியது, சிலருக்குத் தெருவில் கடைகளின் வகையே மாறிவிடும் என்பது, சிலருக்கு விடுமுறை மாதங்களில் தெரு வெறிச்சோடிவிடும் என்பது. இவை எல்லாம் உண்மையான பயங்கள். மாணவர் மட்டுமே வாழும் பகுதியில் ஆண்டின் ஒரு பகுதி வியாபாரம் படுத்துவிடுவது பல பல்கலைக்கழக நகரங்களில் தெரிந்த விஷயம். இவற்றை நெரிசல் என்ற பெயரில் முன்வைத்தால், ஒரு பொறியாளர் எழுந்து நெரிசலுக்குப் பதில் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார். அதன் பிறகு உங்கள் கையில் எதுவும் இருக்காது. வாடகையைப் பற்றிய பயத்தை வாடகை என்றே சொல்லுங்கள். தரைத்தளத்தில் ஏற்கெனவே அங்குள்ள சிறு வணிகர்களுக்கு முன்னுரிமையுடன் கடை கேட்கலாம்; விடுமுறையில் அறைகளை வேறு பயனாளிகளுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைக் கேட்கலாம்.

பிப்ரவரி 19

9ஆம் தேதி பாக்கி வைத்த கேள்வி: காகிதத்தில் இருப்பது தெருவில் நடக்கிறதா. பல இடங்களில் நடப்பதில்லை. குடியிருப்போரின் கார் பயணத்தைக் குறைக்க அனுமதி ஆணையில் அழகாக எழுதிய திட்டத்தை, கட்டடம் நிரம்பிய பிறகு யாரும் எடுத்துப் பார்க்காத இடங்களை நான் அறிவேன். சரிபார்க்க வேண்டிய அலுவலகத்தில் ஆள் இல்லை; கட்டடம் கைமாறியிருந்தது; புதிய உரிமையாளருக்கு அந்த நிபந்தனை இருப்பதே தெரியவில்லை. வணிகர்களின் அவநம்பிக்கைக்கு இது போதுமான காரணம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆகவே ஒவ்வொரு நிபந்தனையிலும் நான்கு சொல் தேடுங்கள்: யார், எப்போது, எதை அளந்து, மீறினால் என்ன. குடியேறிய முதல் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் பாடநாட்களில் மறு எண்ணிக்கை, அதை எடுப்பவர் கட்டுநர் அமர்த்தியவராக இல்லாமல் இருப்பது, வரம்பு மீறினால் செலவிட முன்பணம் ஒன்றை நிர்வாகத்திடம் கட்டி வைப்பது, நிபந்தனை மனையோடு சேர்ந்து அடுத்த உரிமையாளரையும் கட்டுப்படுத்துவது. எண்ணிக்கையில் சந்திப்பு மட்டும் போதாது. ஓரத்தில் எத்தனை வண்டி எவ்வளவு நேரம் நின்றது, ஓடும் பாதையில் எத்தனை முறை வண்டி நின்று தடுத்தது என்பதும் இருக்க வேண்டும். இன்றைய நிலையையும் இதே முறையில் இப்போதே அளந்து வையுங்கள். பின்னாளில் ஒப்பிட அடிப்படை இல்லாவிட்டால், நெரிசல் முன்பும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

பிப்ரவரி 22

கேள்வி கேட்டவரே நேற்று நடந்த சங்கக் கூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். படுக்கைகளைப் பாதியாகக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு தரப்பு, ஓரத்தைப் பற்றிய நிபந்தனைகளைக் கேட்க வேண்டும் என்று ஒரு தரப்பு, இரண்டையும் கேட்போம் என்று நடுவில் ஒரு தரப்பு.

படுக்கையைப் பாதியாக்கினால் நடந்து வரும் வாடிக்கையாளரும் பாதியாவார். கட்டுமான லாரிகள் பாதியாகாது. அடித்தளம் தோண்டியே ஆக வேண்டும், பாதையை மூடியே ஆக வேண்டும். உள்ளே வளைவுப் பாதை இல்லாத சிறிய கட்டடம், அது உள்ள பெரிய கட்டடத்தைவிடத் தெருவை அதிகம் அடைக்கும். அளவைக் குறைக்கச் சொல்ல ஒரே ஒரு நல்ல காரணம் எனக்குத் தெரிகிறது: நடைபாதையை அகலப்படுத்தவே முடியாத அளவுக்குத் தெரு குறுகலாக இருப்பது. அப்படி இருந்தால் அந்த அகலத்தை மீட்டரில் அளந்து எழுதி அதை மட்டும் கேளுங்கள்.

இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம் என்ற நடுத் தரப்பைப் பற்றியும் யோசித்தேன். கூட்டத்தில் எதிர்ப்பு, ஆதரவு என்று மட்டும் குறித்துக்கொள்வார்கள். எதிர்ப்பு என்று குறிக்கப்பட்ட மனுவின் பின்பக்கத்தில் உள்ள நிபந்தனைகளை ஆணை எழுதுபவர் தேடி எடுப்பது அரிது. அதனால் நிபந்தனைகளைத் தனி மனுவாக, எதிர்ப்பு என்ற சொல் தலைப்பில் இல்லாமல், வாடிக்கையாளர் கணக்கெடுப்பைப் பின்னிணைப்பாக வைத்துக் கொடுங்கள். எதிர்ப்பவர்கள் தங்கள் மனுவைத் தனியே கொடுக்கட்டும். ஒருவர் இரண்டிலும் கையெழுத்திடுவதற்குத் தடை இல்லை. அறிக்கையில் வாகனம் எண்ணிய தேதிகள் உள்ள பக்கத்தையும் தரைத்தள வரைபடத்தையும் இங்கே பதிவிட்டால், கூட்டத்துக்கு முன் படித்துவிட்டு எழுதுகிறேன்.